வாள் ராணி கைம்பெண்ணா? டாரட் சீட்டைக் குயர் பார்வையில் படிக்க ஒரு தொடக்க வழிகாட்டி

ஒரு பெண், தான் விரும்பும் இன்னொரு பெண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு, பலன் பார்க்கும் படச் சீட்டுகளான டாரட்டிலிருந்து ஒன்றை எடுக்கிறார். கோப்பை ராஜா வருகிறது. கையேட்டைப் புரட்டினால், 'அன்பும் முதிர்ச்சியும் கொண்ட ஆண் ஒருவர் உங்கள் வாழ்க்கைக்குள் வரப்போகிறார்' என்று எழுதியிருக்கிறது. சிலர் அந்த இடத்திலேயே சீட்டுக் கட்டை மூடி வைத்துவிடுவார்கள். சிலர் தம் காதல்தான் தவறோ என்று ஒரு கணம் குறுகிப்போவார்கள். இரண்டுக்கும் தேவையில்லை. அந்த விளக்கத்தை எழுதியவர் இப்படி ஒருவர் கேட்கக்கூடும் என்று நினைத்துப் பார்க்கவே இல்லை. அவ்வளவுதான்.

இந்த வழிகாட்டி டாரட்டை இப்போதுதான் கையில் எடுத்திருப்பவர்களுக்கானது. நீங்களே பால்புதுமையினராக, அதாவது பாலினத்திலோ பாலீர்ப்பிலோ வழக்கமான ஆண்–பெண் வரையறைக்குள் அடங்காத குயர் மனிதராக இருக்கலாம். அல்லது அப்படிப்பட்ட நண்பர்களுக்குச் சீட்டு பார்த்துச் சொல்கிறவராக இருக்கலாம். குயர் பார்வை என்றதும், ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு வானவில் நிற விளக்கத்தைத் தேடிப் பிடித்து ஒட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். நான் சொல்வது அதைவிட எளிமையானது; ஆனால் கூடுதல் பொறுமையைக் கேட்பது. மனிதர்கள் ஆண், பெண் என இரண்டே வகை. காதல் அந்த இருவருக்கு இடையில் மட்டுமே. திருமணத்திலும் குழந்தையிலும் போய் முடிந்தால்தான் அது மகிழ்ச்சி. இந்த மூன்று அனுமானங்களும் பழைய விளக்கங்களுக்குள் சொல்லாமலே உட்கார்ந்திருக்கின்றன. அவற்றை அடையாளம் கண்டு ஒதுக்கிவிட்டு, படத்தை முதலிலிருந்து பார்ப்பதுதான் வேலை. அப்படிப் பார்த்தால், படத்தில் இல்லாத ஒன்றைச் சேர்க்க வேண்டிய தேவையே பெரும்பாலும் வராது.

சீட்டு எதிர்காலத்தைச் சொல்லுமா என்ற விவாதத்துக்குள் இங்கே போகவில்லை. என் வாழ்க்கையை நானே சற்றுத் தள்ளி நின்று பார்க்க உதவும் படங்களாகவே அவற்றை நான் பயன்படுத்துகிறேன். நீங்கள் வேறு விதமாக நம்பினாலும் கீழே சொல்லும் முறை பொருந்தும்.

எந்தக் கட்டில் தொடங்குவது

டாரட் கட்டில் 78 சீட்டுகள். அவற்றில் 22 சீட்டுகள் மேஜர் அர்கானா. முட்டாள், மந்திரவாதி, மரணம், சூரியன் போன்றவை அதில் வரும். மீதி 56 சீட்டுகள் மைனர் அர்கானா. கோல், கோப்பை, வாள், நாணயம் என்ற நான்கு குலங்கள். ஒவ்வொன்றிலும் ஒன்று முதல் பத்து வரை எண் சீட்டுகள், அதற்கு மேல் ஏவலர், வீரர், ராணி, ராஜா என நான்கு அரசவைச் சீட்டுகள்.

தொடக்கத்துக்கு ரைடர்–வெயிட்–ஸ்மித் கட்டையே பரிந்துரைக்கிறேன். 1909இல் லண்டனில் வெளியானது இது. எண் சீட்டுகளிலும் மனிதர்களும் காட்சிகளும் இருப்பதால் பார்க்க நிறைய இருக்கிறது. மேலும், பெரும்பாலான கையேடுகள் இந்தப் படங்களை வைத்தே எழுதப்பட்டவை. பால்புதுமையினரே வரைந்த அழகான கட்டுகள் இன்று பல உள்ளன, அவற்றையும் வாங்குங்கள். ஆனால் பழைய படத்தை ஒரு முறையாவது ஊன்றிப் பார்த்த பிறகு வாங்கினால், புதிய ஓவியர் எதை மாற்றினார், ஏன் மாற்றினார் என்பது தெரியும். அதில் ஒரு தனி மகிழ்ச்சி இருக்கிறது.

இந்தக் கட்டுக்கான கருத்தை வகுத்தவர் ஆர்தர் எட்வர்டு வெயிட். 78 படங்களையும் வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித் என்ற பெண். பெரிய வேலை, மிகக் குறைந்த கூலி என்று அந்த ஆண்டே ஒரு கடிதத்தில் அவர் எழுதியிருக்கிறார். பதிப்பாளரான ரைடர் பெயரும் வெயிட் பெயரும் மட்டுமே நெடுங்காலம் கட்டின் பெயராக இருந்தன. ஸ்மித்தின் பெயர் பின்னால்தான் சேர்ந்தது. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. பிற்காலத்தை ஒரு தோழியோடு ஒரே வீட்டில் கழித்தார். அந்த உறவுக்கு இன்று நாம் பெயர் சூட்ட வேண்டியதில்லை. ஆனால் சீட்டின் ஓரத்தில் பாம்பு போல் வளைந்திருக்கும் அவருடைய கையொப்பத்தைத் தேடிக் கண்டுபிடியுங்கள். இந்தப் படங்களை ஒரு மனிதக் கை வரைந்தது என்பது நினைவில் நின்றால், அவை மாற்றவே முடியாத வேதமாகத் தோன்றாது.

டாரட் உண்மையில் எப்போதும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் அது ஒரு சீட்டு விளையாட்டு. பலன் சொல்லும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டில்தான் பெரிதாகப் பரவியது. வெயிட் தம் பங்குக்கு 'வலிமை' சீட்டுக்கு 8, 'நீதி' சீட்டுக்கு 11 என்று எண்களை இடம் மாற்றினார். இன்று இரண்டு வரிசைகளும் புழக்கத்தில் உள்ளன. 'டாரட்டின் உண்மையான பொருளைக் கெடுக்கிறீர்கள்' என்று யாராவது சொன்னால், இந்த வரலாறு உங்களுக்குத் துணை நிற்கும்.

முதல் படி: கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு சீட்டும் போதும். கையேட்டைத் தொடாதீர்கள். பழக்கத்துக்கு வாள் ராணியை எடுத்துக்கொள்வோம். குயர் பார்வை என்ன செய்யும் என்பதை இந்தச் சீட்டு அளவுக்குத் தெளிவாகக் காட்டும் இன்னொரு சீட்டு எனக்குத் தெரியவில்லை.

எழுதும்போது 'அவன்', 'அவள்' என்று எழுதாமல் 'இந்த உருவம்' என்று எழுதுங்கள். முதலில் செயற்கையாகத் தோன்றும். சில வரிகளுக்குள் பழகிவிடும். இப்படி வரலாம்:

'இந்த உருவம் ஓர் அரியணையில் பக்கவாட்டில் திரும்பி அமர்ந்திருக்கிறது. வலக் கையில் வாள், நேர்க்குத்தாக. வாளின் பிடி அரியணையின் கைப்பிடி மேல் நிற்கிறது. இடக் கை முன்னால் நீண்டு உயர்ந்திருக்கிறது. மகுடத்தில் பட்டாம்பூச்சிகள். அரியணையிலும் பட்டாம்பூச்சி செதுக்கியிருக்கிறது. மேகங்கள் கீழே தாழ்ந்து கிடக்கின்றன. தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கிறது. ஒரே ஒரு பறவை பறக்கிறது. முகத்தில் சிரிப்பு இல்லை.'

இங்கே நிறுத்துங்கள். 'சோகமாக இருக்கிறாள்' என்று எழுதத் தோன்றினால் அது பார்த்தது அல்ல, முடிவுசெய்தது. சிரிக்காத முகம் என்று மட்டும் எழுதுங்கள். சிரிக்காத பெண் சோகமாகத்தான் இருக்க வேண்டும், சிரிக்காத ஆண் கம்பீரமானவர் என்று நம் கண்ணே பழகிப்போயிருக்கிறது. ராஜா சீட்டுகளையும் எடுத்துப் பாருங்கள். அவர்களில் சிரிப்பவர் யார்?

இரண்டாம் படி: கையேடு சொல்வதை ஒவ்வொரு சொல்லாகக் கேள்வி கேளுங்கள்

இப்போது கையேட்டைத் திறக்கலாம். வாள் ராணிக்கு வெயிட் எழுதிய பொருள்கள்: கைம்மை, பெண்ணின் துயரம், இல்லாமை, மலட்டுத்தன்மை, இழப்பு, பிரிவு. பிற்காலக் கையேடுகள் இதைக் கொஞ்சம் மென்மையாக்கி 'துணையை இழந்தவர்', 'மணமுறிவு பெற்றவர்', 'கடுமையான பெண்' என்று எழுதுகின்றன.

உங்கள் குறிப்பை இந்தப் பட்டியலுக்கு அருகில் வையுங்கள். படத்தில் இறந்த கணவர் எங்கே? கல்லறை எங்கே? பிறக்காத குழந்தைக்கு என்ன அடையாளம்? எதுவும் இல்லை. படத்தில் இருப்பது, தனியாக, நிமிர்ந்து, ஆயுதத்தோடு உட்கார்ந்திருக்கும் ஓர் உருவம். ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தால் அவள் எதையோ இழந்திருக்க வேண்டும். கணவன் செத்திருக்க வேண்டும், இல்லையென்றால் குழந்தை வாய்க்காமல் போயிருக்க வேண்டும். அந்த எண்ணத்திலிருந்துதான் இத்தனை பொருள்களும் பிறந்திருக்கின்றன.

ஒவ்வொரு சொல்லையும் எடுத்து, 'இது படத்தில் இருக்கிறதா, சமூகத்தின் அனுமானமா?' என்று கேளுங்கள். அனுமானமாக இருந்தாலும் தூக்கி எறிய வேண்டாம். தனிப் பத்தியில் எழுதி வையுங்கள். பின்னால் தேவைப்படும். ஏனென்றால் கேட்பவரைச் சுற்றியிருப்பவர்கள் அவரை அந்த அனுமானத்தோடுதான் பார்த்துக்கொண்டிருக்கக்கூடும். ஆணை மணக்க விரும்பாத ஒரு பெண்ணை உறவினர்கள் 'பாவம், தனியாகப் போய்விட்டாள்' என்று பேசிக்கொண்டிருக்கலாம். அப்போது 'கைம்மை' என்ற பழைய பொருள், மற்றவர்கள் அவர்மேல் போர்த்தும் கதையாக இந்தச் சீட்டுக்குள் நிற்கும். அது அவருடைய கதை அல்ல என்பதையும் சேர்த்தே நீங்கள் படிக்கலாம்.

மூன்றாம் படி: படத்தில் அதிகாரம் எங்கே என்று பாருங்கள்

இந்தப் படியில் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. யார் உயரத்தில் இருக்கிறார்? யார் யாரைப் பார்க்கிறார்? யார் பெயரால் இங்கே ஆசியோ தண்டனையோ வழங்கப்படுகிறது? யார் வெளியே நிற்கிறார்? ஒரு சீட்டுக்கு இவை எல்லாம் பொருந்த வேண்டியதில்லை. ஒன்று பொருந்தினாலும் சீட்டு திறந்துகொள்ளும்.

வாள் ராணியில் அந்த இடக் கையைப் பாருங்கள். யாரையோ அருகில் அழைக்கிறதா, இத்தோடு நில் என்கிறதா? இரண்டுமாக இருக்கலாம். தன்னை யார் எந்தப் பெயரில் அழைக்கலாம், யார் எவ்வளவு தூரம் நெருங்கலாம் என்பதை இந்த உருவமே முடிவுசெய்கிறது. புதிய பெயரோடு வாழத் தொடங்கியிருக்கும் ஒரு திருநங்கைக்கோ திருநம்பிக்கோ இந்தக் கை என்னவாகத் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்த பட்டாம்பூச்சி மகுடத்திலேயே இருக்கிறது. அதை நாம் கற்பனையில் சேர்க்கவில்லை.

நான்காம் படி: கேட்டவரின் கேள்விக்குத் திரும்புங்கள்

இதுவரை செய்ததெல்லாம் ஆயத்தம். இப்போது கேள்வியை எடுங்கள். 'நான் விரும்புகிறவரின் வீட்டுக்குப் போகும்போது என்னை யாரென்று அறிமுகம் செய்துகொள்வது?' என்பது கேள்வி என்று வைத்துக்கொள்வோம். வாள் ராணி வந்திருக்கிறது. 'கடுமையான ஒரு பெண் குறுக்கே வருவார்' என்று சொன்னால் கேட்டவருக்கு ஒரு பயனும் இல்லை. அதற்குப் பதிலாக: 'இந்த உருவம் தன்னை எப்படிச் சொல்லிக்கொள்வது என்பதை உள்ளே போவதற்கு முன்பே தீர்மானித்திருக்கிறது. நீங்கள் எந்தச் சொல்லைப் பயன்படுத்தப் போகிறீர்கள்? எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டீர்கள்? இதைப் பற்றி இருவரும் முன்கூட்டியே பேசினீர்களா?' சீட்டு ஒரு தீர்ப்பைச் சொல்லவில்லை. பேசாமல் விட்டிருந்த ஓர் உரையாடலைத் தொடங்கிவைக்கிறது.

இந்த நான்கு படிகளையும் எந்தச் சீட்டுக்கும் பயன்படுத்தலாம். அடுத்து வரும் சில சீட்டுகள் குயர் வாசிப்பில் திரும்பத் திரும்பச் சிக்கலைத் தருபவை. அவற்றை மட்டும் தனியாகப் பார்க்கலாம்.

காதலர், சாத்தான், மதகுரு: மூன்று சீட்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

லவ்வர்ஸ் எனப்படும் காதலர் சீட்டு, எண் 6. ஆடையற்ற ஓர் ஆணும் ஒரு பெண்ணும். பெண்ணுக்குப் பின்னால் பாம்பு சுற்றிய மரம், ஆணுக்குப் பின்னால் தீச்சுடர்கள் எரியும் மரம். மேலே மேகத்தில் ஒரு வானதூதர். தொடக்கக்காரர்கள் பலர் இங்கேதான் மனம் தளர்கிறார்கள்: இது ஆதாமும் ஏவாளும் அல்லவா, இதில் நமக்கு என்ன இடம்?

முதலில், இந்தப் படம் 1909இல் புதிதாக வரையப்பட்டது. 15ஆம் நூற்றாண்டு இத்தாலியின் விஸ்கான்டி–ஸ்ஃபோர்சா கட்டில் ஒரு ஜோடி கைகோத்து நிற்க, மேலே கண்கட்டிய மன்மதன் நிற்கிறான். பின்னர் பிரான்சில் பரவிய மார்செய் கட்டிலோ மூன்று பேர்: இரண்டு பெண்களுக்கு நடுவில் ஓர் இளைஞன், மேலே அம்பு தொடுக்கும் மன்மதன். அங்கே சீட்டின் பொருள் தேர்வு என்பதே. ஒரே சீட்டுக்கு மூன்று காலங்களில் மூன்று படங்கள். நான்காவதாக இன்னொரு படமும் இருக்கலாம்.

அடுத்து, யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். ஆண் பெண்ணைப் பார்க்கிறான். பெண்ணோ வானதூதரைப் பார்க்கிறாள். பார்வைகள் சந்திக்கவே இல்லை. இதைக் கச்சிதமான ஜோடியின் படம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விருப்பம் எந்தத் திசையில் போகிறது, எதிர்பார்ப்பு எந்தத் திசையில் போகிறது என்பதை நேர்மையாகப் பார்க்கச் சொல்லும் படமாகவே எனக்குத் தெரிகிறது. தன் விருப்பம் ஊரார் சொல்லும் திசையில் போகவில்லை என்று கண்டுகொண்ட எவருக்கும் இது நெருங்கிய சீட்டு.

இப்போது 15ஆம் எண் சாத்தானை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். அதே அமைப்பு. மேலே பெரிய உருவம், கீழே ஆடையற்ற இருவர். இப்போது அவர்களுக்குக் கொம்பும் வாலும் முளைத்திருக்கின்றன, கழுத்தில் சங்கிலி. 5ஆம் எண் மதகுருவையும் எடுங்கள். மீண்டும் மேலே ஒரு பெரிய உருவம், வலக் கை உயர்ந்திருக்கிறது. கீழே மண்டியிட்ட இருவர். சாத்தானின் வலக் கையும் அதே போல உயர்ந்திருப்பதைக் கவனித்தீர்களா?

மூன்று படங்களிலும் கீழே இருவர். மேலே இருப்பவர் மாறினால் அவர்களுடைய நிலையும் மாறிவிடுகிறது. ஓரிடத்தில் சீடர்கள், ஓரிடத்தில் ஆசிபெற்ற காதலர்கள், ஓரிடத்தில் பாவிகள். தன் காதலைப் பாவம் என்று சொல்லக் கேட்டே வளர்ந்தவர்களுக்கு இந்த மூன்று சீட்டுகளும் சேர்ந்து பேசுவது போல வேறு எதுவும் பேசுவதில்லை. சாத்தான் வந்தால் நான் முதலில் கேட்பது: 'இந்தக் கொம்பும் வாலும் உங்களுடையவையா, யாராவது உங்கள்மேல் வரைந்தவையா?'

ஆனால் ஓர் எச்சரிக்கை. சாத்தான் சீட்டை முழுக்க முழுக்க 'சமூகம் சுமத்திய வெட்கம்' என்று படித்து முடித்துவிடாதீர்கள். அடிமைப்பழக்கம், கட்டுப்படுத்தும் துணை, விட்டு வெளியேற முடியாத உறவு ஆகியவையும் இந்தச் சீட்டின் பொருள்களே. அவை பால்புதுமையினர் வாழ்க்கையிலும் உண்டு. வெளியே எதிர்ப்பு அதிகம் என்பதாலேயே வீட்டுக்குள் நடக்கும் கொடுமையைச் சொல்லத் தயங்குபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்ல வாய்ப்புத் தரும் சீட்டை நாம் நல்லெண்ணத்தால் மூடிவிடக் கூடாது. கழுத்துச் சங்கிலி தளர்வாக இருக்கிறது, கழற்றிவிடலாம் என்பது வழக்கமான ஆறுதல். அதையும் பார்த்துச் சொல்லுங்கள். எல்லோருடைய சங்கிலியும் அவ்வளவு தளர்வாக இருப்பதில்லை.

நாணயம் ஐந்து: வாசல் எங்கே?

எனக்கு மிகவும் வேண்டிய சீட்டு இது. பனி கொட்டுகிறது. இருவர் நடந்து போகிறார்கள். ஒருவர் ஊன்றுகோலோடு, கழுத்தில் ஒரு மணி. இன்னொருவர் சால்வை போர்த்தி, வெறுங்காலோடு. அவர்களுக்கு மேலே, விளக்கு எரியும் வண்ணக் கண்ணாடிச் சன்னல். அதில் ஐந்து நாணயங்கள்.

பெரும்பாலான விளக்கங்கள் வறுமை, இழப்பு என்று தொடங்கி, 'உதவி பக்கத்திலேயே இருக்கிறது, அவர்கள் தலைநிமிர்ந்து பார்க்கவில்லை' என்று முடியும். இந்த விளக்கத்தை நான் ஏற்கவில்லை. படத்தைப் பாருங்கள்: சன்னல் இருக்கிறது, வாசல் இல்லை. உள்ளே போக வழி வரையப்படவே இல்லை. தேவாலயம் போலத் தெரியும் அந்தக் கட்டடத்தின் வெளிச்சம் வெளியே கசிகிறது, கதவு காணவில்லை. வழிபாட்டிடத்திலிருந்தோ பிறந்த வீட்டிலிருந்தோ வெளியேற்றப்பட்ட ஒருவரிடம் 'நீங்கள் ஏன் உதவி கேட்கவில்லை?' என்று கேட்பது எவ்வளவு குரூரம்.

குயர் பார்வை இன்னொன்றையும் கவனிக்கும். அங்கே இருவர் இருக்கிறார்கள். பனியில் ஒருவரை விட்டு ஒருவர் போகவில்லை. இதற்கு வியப்பான ஓர் ஆதாரம் வெயிட்டின் குறிப்பிலேயே கிடைக்கிறது: சீட்டு பார்ப்பவர்களில் சிலர் இதைக் காதலுக்கும் காதலர்களுக்கும் உரிய சீட்டாகக் கொள்கிறார்கள் என்று எழுதிவிட்டு, வறுமை என்ற பொருளோடு இதை இணைக்க முடியாது என்று விட்டுவிடுகிறார். இணைக்க முடியும் என்பது வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்குத் தெரியும். எனவே இந்தச் சீட்டு வந்தால், உதவி கேட்கச் சொல்வதற்கு முன், 'உங்களோடு யார் நடக்கிறார்கள்?' என்று கேளுங்கள். தேர்ந்தெடுத்த குடும்பம் என்று நாம் சொல்வது பல நேரம் இந்தப் பனியில்தான் தொடங்குகிறது.

அரசவைச் சீட்டுகளும் 'பெண்மை ஆற்றல்' என்ற பேச்சும்

பழைய கையேடுகள் அரசவைச் சீட்டுகளை ஆள் அடையாளம் சொல்லப் பயன்படுத்தின: கருத்த, மணமான ஆண், வெளிறிய முடி கொண்ட பெண். அதை விட்டுவிடுங்கள். ஏவலர் கற்கிறவர். வீரர் புறப்பட்டுப் போகிறவர். ராணி ஒன்றைத் தனக்குள் ஆழமாக அறிந்தவர். ராஜா அதை வெளியே நிர்வகிப்பவர். எவரும் எதுவாகவும் இருக்கலாம். ஒரே ஆள் அலுவலகத்தில் வாள் ராஜாவாகவும், வீட்டில் கோப்பை ஏவலராகவும் இருக்கலாம். தொடக்கத்தில் சொன்ன பெண்ணுக்கு வந்த கோப்பை ராஜா, உணர்ச்சிகளின் நடுவே நிதானம் இழக்காமல் இருக்கும் ஒருவர். அது அவர் விரும்பும் பெண்ணாக இருக்கலாம், அவரேயாக இருக்கலாம்.

பேரரசி, பேரரசர் சீட்டுகளைப் 'பெண்மை ஆற்றல்', 'ஆண்மை ஆற்றல்' என்று சொல்லும் வழக்கம் பரவலாக இருக்கிறது. நான் அந்தச் சொற்களைத் தவிர்க்கிறேன். வளர்ப்பது, செழிக்க விடுவது, எல்லை வகுப்பது, காப்பது என்று செயலாகவே சொல்லிவிட்டால் யாருக்கும் எதுவும் பறிபோகாது. பேரரசரின் அங்கிக்குக் கீழே இரும்புக் கவசம் தெரிகிறது. அரியணையில் உட்கார்ந்தும் கவசத்தைக் கழற்றாத ஓர் உருவம். 'ஆண்மை' என்று சொல்லி முடித்திருந்தால் இந்தக் கவசத்தைப் பார்த்தே இருக்க மாட்டோம். பேரரசி வந்தால் கர்ப்பம் என்று சொல்லும் வழக்கத்தையும் கைவிடுங்கள். அது யாரை எப்படிக் காயப்படுத்தும் என்று நமக்குத் தெரியாது.

14ஆம் எண், நிதானம் எனப்படும் டெம்பரன்ஸ் சீட்டில் வானதூதர் ஒரு காலை நீரிலும் ஒரு காலை நிலத்திலும் வைத்து, ஒரு கோப்பையிலிருந்து இன்னொன்றுக்கு நீர் ஊற்றுகிறார். வெயிட்டே இந்த உருவம் ஆணும் அல்ல, பெண்ணும் அல்ல என்று எழுதியிருக்கிறார். பாலின இருமைக்கு வெளியே தன்னை உணர்கிறவர்களுக்கு டாரட்டில் இடம் தேடி அலைய வேண்டியதில்லை. மரபின் நடுவிலேயே இருக்கிறது. உலகம் என்ற 21ஆம் சீட்டில் நடனமாடும் உருவமும் இருபாலும் கலந்தது என்று நெடுநாளாகச் சிலர் விளக்கிவருகிறார்கள்.

13ஆம் எண் மரணச் சீட்டைப் பாலின மாற்றத்தோடு இணைப்பது இன்று ஏறத்தாழ வாய்ப்பாடாகிவிட்டது. பழைய பெயர் போகிறது, புதிய வாழ்க்கை வருகிறது என்பது சிலருக்கு மிகச் சரியாகப் பொருந்தும். ஆனால் தன்னில் எதுவும் சாகவில்லை, எப்போதும் இருந்தவரே இப்போது வெளியே தெரிகிறார் என்று உணர்பவர்களும் உண்டு. கேட்பவரே அந்த ஒப்புமையைத் தொடங்கினால் தொடருங்கள். நீங்களாகத் தொடங்க வேண்டாம்.

தலைகீழாக வந்தால்

தலைகீழ்ச் சீட்டைக் கெட்டது, பிறழ்ந்தது என்று படிக்கும் பழக்கம் நமக்கு ஏற்றதல்ல. 'இயல்பு' என்று சொல்லப்படுவதற்கு எதிராக இருப்பதே குற்றம் என்ற வாதம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. தலைகீழ் என்றால் இன்னும் வெளியே தெரியாமல் உள்ளே நடப்பது, அல்லது தெரிந்தே மறைத்து வைத்திருப்பது என்று எடுத்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் எல்லாச் சீட்டுகளையும் நேராகவே வைத்துப் பழகினாலும் குறையில்லை.

பிறருக்குப் பார்த்துச் சொல்லும்போது

சீட்டை வைத்து ஒருவரின் பாலீர்ப்பையோ பாலினத்தையோ ஊகித்துச் சொல்லவே கூடாது. மூன்று பெண்கள் கோப்பை உயர்த்தும் சீட்டு வந்ததால் 'உங்களுக்குப் பெண்கள் மேல் விருப்பமா?' என்று கேட்பது வாசிப்பு அல்ல, அத்துமீறல். அதே போல் அங்கு இல்லாத மூன்றாம் ஆளைப் பற்றி, 'அவரும் நம்மைப் போன்றவர்தானா என்று பாருங்கள்' என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். அதைச் சொல்லும் உரிமை அந்த ஆளுக்கு மட்டுமே உண்டு.

தொடங்கும் முன், எந்தப் பெயரில் அழைக்கட்டும், துணையை எப்படிக் குறிப்பிடட்டும் என்று கேளுங்கள். 'கணவர்', 'மனைவி' என்று நீங்களாகச் சொல்லாதீர்கள். கூட இன்னொருவர் உட்கார்ந்திருந்தால், அவர் முன்னால் எதைப் பேசலாம் என்பதைத் தனியே கேட்டுத் தெரிந்துகொள்வது இன்னும் முக்கியம்.

'வீட்டில் சொல்லிவிடட்டுமா?' என்ற கேள்வி கட்டாயம் வரும். அதற்கு ஆம், இல்லை என்று சீட்டிலிருந்து பதில் எடுக்காதீர்கள். சூரியன் வந்தது என்பதற்காக ஒருவர் வீட்டில் சொல்லி, அன்றிரவே தங்க இடமில்லாமல் நிற்கும் நிலை வரக்கூடாது. சொன்ன பிறகு போக ஓரிடம் இருக்கிறதா, கையில் பணம் இருக்கிறதா, சான்றிதழ்கள் யாரிடம் இருக்கின்றன, முதலில் யாரிடம் சொல்வது பாதுகாப்பு என்பவைதான் அங்கே பேச வேண்டியவை. சீட்டு அவரவர் அச்சத்தையும் ஆசையையும் பேசவைக்க உதவும். முடிவை அதன் தலையில் வைக்க முடியாது.

நீங்கள் சொன்ன விளக்கம் பொருந்தவில்லை என்று கேட்பவர் சொன்னால் வாதாடாதீர்கள். சீட்டை அவர் பக்கம் திருப்பி வைத்து, 'உங்களுக்கு என்ன தெரிகிறது?' என்று கேளுங்கள். அவர் சொல்வதை, அவர் ஒப்புக்கொண்டால் மட்டும், பெயர் குறிக்காமல் அந்தச் சீட்டுக்கான பக்கத்தில் எழுதி வையுங்கள்.

அடுத்ததாக எந்தச் சீட்டு என்று கேட்டால், கோப்பை பத்தை எடுங்கள். வானவில்லுக்குக் கீழே ஒரு ஜோடியும் ஆடும் இரண்டு குழந்தைகளும் ஒரு சிறு வீடும் இருக்கும். கையேடு நிறைந்த இல்லறம் என்று சொல்லும். அந்த ஜோடி நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறது, முகம் தெரியவில்லை. அங்கிருந்து தொடங்கி, நான்கு படிகளையும் நீங்களே செய்து பாருங்கள்.